பட்டன் கீபோர்டு வைத்த தொடுதிரை போன்: எதைப் பார்த்து எடைபோடுவது?

தொடுதிரையும் வேண்டும், அதோடு அழுத்தினால் உள்ளே போகிற நிஜமான கீபோர்டும் வேண்டும் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட போன்களும் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பற்றிய பேச்சு மட்டும் பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் சுற்றுகிறது. "பட்டனில் அடித்தால்தான் வேகம்" என்பார் ஒருவர். "அதெல்லாம் அந்தக் காலம்" என்பார் இன்னொருவர். இரண்டையும் கேட்கும்போது எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது. வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பலருக்குப் பட்டன் கீபோர்டு தேவையே இல்லை. பழசு என்று ஒதுக்கினாலோ, அது உண்மையிலேயே தேவைப்படுகிறவர் நல்ல கருவி ஒன்றை இழந்துவிடுகிறார்.

இந்த வகை போனைச் சரியாக எடைபோட முதலில் ஒன்று புரிய வேண்டும். நாம் எந்த எழுத்தை அடித்தோம் என்பதைப் பட்டன் எப்படித் தெரிந்துகொள்கிறது? கண்ணாடி எப்படித் தெரிந்துகொள்கிறது? அது விளங்கிவிட்டால், எந்த போன் யாருக்கு என்ற கேள்வியில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

## இருட்டில் சுவிட்சைத் தேடும் கை

ராத்திரி கரன்ட் விளக்கைப் போட எழுந்திருக்கிறீர்கள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கை சுவரைத் தடவிக்கொண்டே போகிறது. சுவிட்ச் போர்டின் விளிம்பு தட்டுப்படுகிறது. முதல் சுவிட்ச், இரண்டாவது, ஆங், இதுதான். விரல் அதன்மேல் நிற்கிறது, இன்னும் எதுவும் நடக்கவில்லை. பிறகு அழுத்துகிறீர்கள், 'டக்' என்கிறது.

இந்தச் சின்ன வேலைக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. தடவி இடத்தைக் கண்டுபிடித்தது ஒன்று. எதையும் இயக்காமல் விரல் அங்கே காத்திருந்தது இன்னொன்று. வேலை முடிந்ததை அந்த 'டக்' சொன்னது மூன்றாவது.

இப்போது அதே சுவிட்ச் போர்டு ஒரு வழவழப்பான கண்ணாடியில் வரைந்த படமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் பட்டாலே விளக்கு எரியும். தடவித் தேட முடியாது, ஏனென்றால் தேடும்போதே எல்லா விளக்கும் மின்விசிறியும் ஓட ஆரம்பித்துவிடும். கண்ணால் பார்த்துத்தான் தொட வேண்டும். தொடுதிரைக் கீபோர்டில் நாம் தினமும் செய்வது இதைத்தான். பழகிவிட்டதால் உறைக்கவில்லை.

## பட்டனுக்கு அடியில்

போனில் உள்ள ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே மெல்லிய உலோகத் தகடு ஒன்று, கவிழ்த்து வைத்த குட்டிக் கிண்ணம் மாதிரி இருக்கும். இதைக் குமிழ்த் தகடு என்று வைத்துக்கொள்வோம். ஜாம் பாட்டில் மூடியின் நடுவே உப்பலான பகுதியை அமுக்கினால் 'டிக்' என்று உள்ளே போய்த் திரும்பி வருமே, அதே குணம்தான். ஓரளவு வரை அழுத்தத்தைத் தாங்கும். அதைத் தாண்டினால் சட்டென்று மடங்கும். மடங்கியதும் கீழே சர்க்யூட் போர்டில் உள்ள இரண்டு தொடுமுனைகளை இணைத்துவிடும்.

விரலுக்குத் தெரிகிற 'டிக்'கும் மின் இணைப்பும் ஒரே அசைவில் நடக்கின்றன. தகடு நல்ல நிலையில் இருக்கும்வரை அந்த 'டிக்' பொய் சொல்லாது. தொடுதிரையில் வரும் அதிர்வு அப்படிப்பட்டதில்லை. தொடுதல் பதிவான பிறகு, மென்பொருள் சொல்லி, ஒரு சிறு மோட்டார் நடுக்கிக் காட்டுவது அது. ஏதோ ஒரு எழுத்து விழுந்தது என்று அதனால் சொல்ல முடியும். நீங்கள் நினைத்த எழுத்துதானா என்று விரலுக்கு முன்கூட்டியே சொல்ல முடியாது.

சரி, நாற்பது பட்டன் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி வேண்டாமா? வேண்டாம். அரங்கத்தில் இருக்கையைக் கண்டுபிடிப்பது போல, வரிசை எண்ணும் இருக்கை எண்ணும் தெரிந்தால் போதும். குறுக்கே 5 கம்பி, நெடுக்கே 8 கம்பி, மொத்தம் 13 கம்பியில் 40 பட்டன் அடங்கிவிடும். ஒரு சிப் இந்தக் கட்டங்களை நொடிக்குப் பலமுறை சுற்றி வந்து, எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். உலோகம் உலோகத்தில் மோதும்போது சில மில்லி நொடிகள் துள்ளும் என்பதால், அது அடங்கும்வரை சிப் கொஞ்சம் பொறுத்துத்தான் எழுத்தைப் பதிவு செய்யும். பழைய கீபோர்டில் ஒருமுறை அழுத்தினால் எழுத்து இரண்டாக விழுகிறது என்றால், தகடு தேய்ந்தோ அழுக்கேறியோ அந்தத் துள்ளல் அளவு மீறிவிட்டது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

## கண்ணாடிக்கு அடியில்

இன்றைய தொடுதிரைக்குள் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் வலைபோல ஓடுகின்றன. அவற்றில் சிறிதளவு மின்னூட்டம் இருக்கும். நம் உடலும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், விரல் அருகே வந்தால் அந்த இடத்தில் மின்னூட்டம் மாறுகிறது. எந்தக் கோடுகளில் எவ்வளவு மாற்றம் என்று அளந்து, விரலின் நடுப்புள்ளி இங்கே இருக்கலாம் என்று போன் கணக்குப் போடும். கையுறை போட்டால் திரை பேசாமல் இருப்பதும், மழைத்துளி விழுந்தால் தானாக எதையாவது திறப்பதும் இதனால்தான்.

இங்கே ஒரு சிக்கல். போனின் அகலம் ஏறத்தாழ 70 மில்லிமீட்டர். ஒரு வரிசையில் பத்து எழுத்து என்றால் ஒவ்வொன்றுக்கும் 7 மி.மீ.கூட முழுதாகக் கிடைக்காது. ஆண்ட்ராய்டு ஆப் எழுதுபவர்களுக்கு கூகுள் தரும் வழிகாட்டுதலே, தொட வேண்டிய எதுவும் சுமார் 9 மி.மீ. இருக்கட்டும் என்கிறது. அதாவது நாம் அதிகம் தொடுகிற கீபோர்டே அந்த அளவுக்குள் வரவில்லை. பிறகு எப்படி வேலை செய்கிறது?

ஊகத்தால். விரல் இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் விழுந்தால், இதுவரை அடித்த எழுத்துகளுக்குப் பிறகு எது வர வாய்ப்பு அதிகம் என்று மென்பொருள் பார்க்கும். 2007-இல் வந்த முதல் ஐபோனிலேயே, வரக்கூடிய எழுத்தின் தொடுபரப்பு மறைவாகப் பெரிதாகும்படி செய்திருந்தார்கள். படத்தில் எல்லா எழுத்தும் ஒரே அளவு, உள்ளே அப்படி இல்லை. சொல் முடிந்ததும் இன்னொரு சுற்று ஊகம் நடந்து பிழையைத் திருத்தும். அதுதான் தானியங்கித் திருத்தம்.

வீணையையும் வயலினையும் நினைத்துப் பாருங்கள். வீணையில் மெட்டு இருக்கிறது, விரல் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சுரம் நிற்கும் இடம் முடிவாகிவிட்டது. வயலினில் மெட்டு கிடையாது, காது உடனுக்குடன் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். தொடுதிரையில் அந்தக் காதின் வேலையை மென்பொருள் செய்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், பட்டனில் எந்த எழுத்து என்பதை விரல் முடிவு செய்கிறது. கண்ணாடியில் விரல் ஒரு குத்துமதிப்பான இடத்தைச் சொல்ல, முடிவை மென்பொருள் எடுக்கிறது. போனை எடைபோடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்துதான் வருகிறது: நீங்கள் அடிப்பது, மென்பொருளுக்கு ஊகிக்கத் தெரிந்த எழுத்தா?

## ஊகம் எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

"கிளம்பிட்டேன், பத்து நிமிஷத்தில் வருவேன்" போன்ற வாக்கியத்தை ஊகம் அழகாகப் பிடித்துவிடும். இதில் பழகிய கை, கண்ணாடியிலேயே பட்டனுக்கு ஈடுகொடுக்கும். எழுத்துகள்மேல் விரலை எடுக்காமல் இழுத்து எழுதுகிறவர் முந்திக்கூடப் போகலாம். அன்றாடம் இப்படி மட்டும் எழுதுகிறவர் பட்டன் கீபோர்டுக்காக வேறு எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

பாஸ்வேர்டு, ஊர்பேர், மருந்துப் பெயர், கணினிக் கட்டளை, இரண்டு மொழி கலந்த வாக்கியம் என்று வந்தால் கதை மாறுகிறது. ஊகிக்க எதுவும் இல்லாத இடத்தில் 7 மி.மீ. எழுத்து வெறும் 7 மி.மீ. எழுத்தாகவே நிற்கும். இல்லாத இடத்தில் ஊகித்தால் அதைவிட மோசம். ஒருமுறை இரங்கல் செய்தி ஒன்று அனுப்பினேன். இறந்தவர் பெயர் மாறன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், அந்த இடத்தில் 'மாற்றம்' என்று இருந்தது. அந்த வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றுவரை மனசு ஆறவில்லை. ஒரு பெயரைப் பிழையில்லாமல் எழுதுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்று உறைத்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பட்டன் என்றாலே உறுதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு எண் விசையில் மூன்று நான்கு எழுத்து இருந்த பழைய போன்களில் டி9 என்ற முறை வந்தது. விசையை ஒருமுறை அழுத்தினால் போதும், அதிலுள்ள எந்த எழுத்து என்பதை மென்பொருள் ஊகிக்கும். அங்கே பட்டன் நிஜம், எழுத்து ஊகம். பட்டன் கீபோர்டுக்குப் பேர்போன பிளாக்பெர்ரி நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு பேர்ல் போனிலும் பெரும்பாலான விசைகளில் இரண்டிரண்டு எழுத்து. ஒரு எழுத்துக்கு ஒரு விசை இருந்தால்தான் நான் சொல்லும் உறுதி கிடைக்கும்.

அதேபோல் 'டக்' மட்டும் இருந்தாலும் போதாது. 2008-இல் வந்த பிளாக்பெர்ரி ஸ்டார்மில் பட்டன் கீபோர்டு கிடையாது. திரையையே அழுத்தினால் அது மொத்தமாக ஒரு பட்டன்போல உள்ளே போகும். அழுத்தியது விரலுக்குத் தெரிந்தது. ஆனால் எழுத்துகளுக்கு விளிம்பு இல்லாததால் எதை அழுத்தப் போகிறோம் என்பது விரலுக்குத் தெரியவில்லை. சுவிட்ச் உதாரணத்தில் சொன்ன மூன்றில் கடைசியான 'டக்' கிடைத்தது, முதலாவதான தடவிக் கண்டுபிடிப்பது கிடைக்கவில்லை. அந்த போன் பலருக்குக் கைவராமல் போனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

## தமிழில் அடிப்பவர்கள் தனியாகப் பார்க்க வேண்டியது

பட்டன் கீபோர்டு போன்களைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம் என 31 விசைகள் வேண்டும். ஆங்கில எழுத்துகளுக்கான விசைகள் 26தான். மீதி ஐந்தை, கணினிக் கீபோர்டின் வலது ஓரத்தில் உள்ள நிறுத்தக்குறி விசைகளில் வைத்தார்கள். ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஐந்தும் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. மேசைக் கணினியில் இதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் திரைக்குக் கீழே கீபோர்டு வைத்த போனில் பெரும்பாலும் 26 எழுத்து விசைகளோடு சரி. நிறுத்தக்குறியை ஆல்ட் என்ற துணை விசையோடு சேர்த்துத்தான் அடிக்க வேண்டும். தமிழ் என்ற சொல்லிலேயே வருகிற ழகரத்துக்கு அங்கே தனி இடம் இல்லை.

அப்புறம் என்ன வழி? ஆங்கில எழுத்தை ஒலிக்கேற்ப அடித்துத் தமிழாக மாற்றுவது. அதிலும் இரண்டு வகை உண்டு. இந்த எழுத்துக்கு இதுதான் என்று விதிப்படி மாற்றுவது ஒன்று, அங்கே பட்டனின் உறுதி அப்படியே நிற்கும். அகராதியைப் பார்த்து ஊகித்து மாற்றுவது இன்னொன்று. பட்டன் வாங்கியும் முடிவு மறுபடி மென்பொருள் கைக்கே போய்விடும். தவிர, சில தமிழ் கீபோர்டு ஆப்கள் கண்ணாடியில் மட்டும் வேலை செய்யும். நிஜ விசையை அழுத்தினால் ஆங்கிலம்தான் விழும். நீங்கள் பயன்படுத்துகிற ஆப் நிஜ விசைகளை ஏற்கிறதா என்று அடித்துப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

## கீபோர்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது

கீபோர்டு வைத்த இடத்தைப் பொறுத்து போனின் குணமே மாறும்.

திரைக்குக் கீழே நிலையாக வைப்பது ஒரு முறை. 2017-இல் வந்த பிளாக்பெர்ரி கீஒன் இப்படிப்பட்டது. எப்போதும் கைக்கடியில் தயாராக இருக்கும், எழுதும்போது திரையை மறைக்காது. பதிலுக்குத் திரை எப்போதும் குட்டையாகவே இருக்கும், வீடியோ பார்க்கும்போது உறுத்தும். எடை மேலேயும் கட்டைவிரல்கள் கீழேயும் இருப்பதால் போன் பின்பக்கம் சாயப் பார்க்கும். விவரப்பட்டியலில் இது தெரியாது, கையில் பிடித்தால் ஒரே நிமிடத்தில் தெரியும்.

இரண்டாவது, நகர்த்தித் திறப்பது. 2010-இல் பிளாக்பெர்ரி டார்ச், 2015-இல் ப்ரிவ் ஆகியவற்றில் திரை மேல்நோக்கி நகரும். 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான ஹெச்டிசி ட்ரீமிலும், 2009-இன் நோக்கியா என்900-லும் பக்கவாட்டில் திறக்கும். பெரிய திரையும் கீபோர்டும் சேர்ந்தே கிடைக்கும், போன் தடித்துவிடும். ஹெச்டிசி ட்ரீம் வந்த புதிதில் அதில் திரைக் கீபோர்டே கிடையாது. ஒரு சொல்லைத் தேடக்கூட போனைத் திருப்பி, திறந்து, இரண்டு கையாலும் அடிக்க வேண்டியிருந்தது. 2009-இல் ஆண்ட்ராய்டு 1.5 வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. இரண்டு கீபோர்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பது தவறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நகரும் போனில் இன்னொன்றும் உண்டு. மேல்பாதியையும் கீழ்பாதியையும் இணைப்பது காகிதம்போல மெல்லிய ஒரு ரிப்பன் கேபிள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது மடங்கி நிமிரும். நான் வைத்திருந்த ஒரு போனில் முதலில் திரை கண் சிமிட்ட ஆரம்பித்தது. கொஞ்சம் திறந்து பிடித்தால் படம் வரும், முழுதாகத் திறந்தால் போய்விடும். பல வாரம் அந்தப் பாதித் திறப்பிலேயே, ஒரு விரலை நடுவில் முட்டுக்கொடுத்து ஓட்டினேன். விசைகள் அத்தனையும் புதுசுபோல இருந்தன, கேபிள் ஒன்றுதான் போயிருந்தது.

மூன்றாவதாக, போனுக்குப் போடும் உறைக்குள்ளேயே கீபோர்டு வைப்பது. ஐபோனுக்கு 2024-இல் வந்த கிளிக்ஸ் இந்த வகை. பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம் என்பது பெரிய நிம்மதி. நீளமும் மேல்கனமும் கூடிவிடும்.

## கையில் எடுத்துப் பார்க்கும்போது

முதலில் கண்ணை மூடிக்கொண்டு விசைகள்மேல் கட்டைவிரலை ஓட்டுங்கள். ஒரு விசை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குப் புரிய வேண்டும். பிளாக்பெர்ரி போல்டில் விசைகளின் மேல்பரப்பைச் சரிவாகச் செதுக்கி, வரிசைகளுக்கு நடுவே உலோகப் பட்டை வைத்தார்கள். விரல் அந்தச் சரிவில் தானாக இடத்துக்கு வந்து நிற்கும். எல்லா விசையும் ஒரே மட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டி இருந்தால் அது படம் போட்ட கண்ணாடிக்கு அண்ணன், அவ்வளவுதான்.

அடுத்து, விசையின் நடுவில் அழுத்தாமல் ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். வேகமாக அடிக்கும்போது விரல் ஓரத்தில்தான் விழும். நடுவில் 'டிக்' என்று மடங்கி, ஓரத்தில் மெத்தென்று அமுங்கினால் எழுத்துகள் விட்டுப்போகும்.

பிறகு ஒரு பாஸ்வேர்டு அளவுக்குச் சிக்கலான ஒன்றை அடியுங்கள். பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து இருக்கட்டும். நீங்கள் நிஜமாகப் பயன்படுத்தும் பாஸ்வேர்டாக மட்டும் இருக்க வேண்டாம். எண்களுக்குத் தனி வரிசை இருக்கிறதா, ஆல்ட் பிடிக்க வேண்டுமா? குறிகளை அடிக்க ஒவ்வொரு முறையும் திரையைத் தொட வேண்டியிருந்தால் பட்டனால் கிடைத்த நன்மையில் பாதி அங்கேயே கரைந்துவிடும். கட்டைவிரல் கீபோர்டிலிருந்து திரைக்கும் திரையிலிருந்து கீபோர்டுக்கும் போய்வருகிற தூரம் சாதாரணமாகத் தோன்றும், ஒரு நாள் முழுக்க எழுதிப் பார்த்தால் கனக்கும்.

இதைக் குறைக்கச் சில நல்ல யோசனைகளும் வந்தன. 2014-இன் பிளாக்பெர்ரி பாஸ்போர்ட்டில் கீபோர்டின் பரப்பே தொடுவதை உணரும். விசைகள்மேல் விரலை லேசாக நகர்த்தினால் பக்கம் நகரும், அழுத்தினால் எழுத்து விழும். காத்திருப்பும் அழுத்தலும் வேறு வேறு என்பதை இவ்வளவு அழகாகப் பயன்படுத்திய அமைப்பு குறைவு. கீஒன்னில் 26 எழுத்து விசைகளுக்கும் லேசாகத் தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் ஒன்று என 52 குறுக்குவழிகள் வைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் அலங்காரம் இல்லை, தினசரி உபயோகம்.

பார்வை குறைந்தவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் இந்த எடைபோடலே வேறு. தடவித் தேடவும் காத்திருக்கவும் முடிவது அவர்களுக்கு வசதி என்ற எல்லையைத் தாண்டியது. வீட்டில் அப்படி ஒருவருக்காக வாங்குகிறீர்கள் என்றால், வேகம், மெலிவு எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு விசைகளின் மேடு பள்ளத்தையும் எழுத்துகளுக்குப் பின்னால் வெளிச்சம் இருக்கிறதா என்பதையும் மட்டும் பாருங்கள். அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள்.

பழைய போனை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விசைகள் பத்து ஆண்டு கழித்தும் நன்றாக இருக்கலாம், மென்பொருள் அப்படி இருக்காது. பிளாக்பெர்ரியின் சொந்த இயங்குதளத்தில் ஓடிய போன்களுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டன. எவ்வளவு அருமையான கீபோர்டாக இருந்தாலும், அப்டேட் நின்ற போனில் பணம் சம்பந்தப்பட்ட எதையும் செய்யாதீர்கள். அப்டேட் இன்னும் வருகிறது என்று உறுதியானால், ஸ்பேஸ் பாரை இரண்டு ஓரத்திலும் தனித்தனியாக இருபது முறை அழுத்திப் பாருங்கள். கீபோர்டிலேயே அதிகம் அடிவாங்குவது அந்த விசைதான். இருபதுக்கு இருபது இடைவெளி விழுந்து, ஒன்றுகூட இரட்டிக்காமல் இருந்தால் மற்ற விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க உட்காரலாம்.